வெள்ளைக் காளைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

ஹோப்லி
திங்கட்கிழமை காலை

அன்பு மகன் டங்கனுக்கு அம்மா எழுதறது. ஆண்டவர் தயவில நாங்க ரெண்டு பேரும் எழுந்து நடமாடிக்கிட்டுத்தான் இருக்கோம், நீயும் கடல் தாண்டி அங்கே ஹோபார்ட்ல சளி இருமல்னு எதுவும் இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியா இருக்கணும்னுதான் தினமும் கேட்டுக்கறேன். உன் கடிதம் போன வாரம் வந்தது. இங்கே வெயில் தலைகாட்டும்போது உனக்கு அங்கே குளிர் ஆரம்பிக்குமே, நான் பின்னி அனுப்பின கம்பளிச் சட்டை நெஞ்சைக் குத்துதுன்னு மூலையில போட்டுடாதே, உள்ளே ஒரு பனியன் போட்டுக்கிட்டா குத்தாது. இங்கே ஒரு வாரம் விடாம மழை, சமையலறைக் கூரை அதே மூலையில ஒழுகுது, அதே வாளியை வச்சிருக்கேன். பக்கத்து வீட்டு க்வில்லிம் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப என்னைவிட வேகமா நடக்கறா. எனக்கு முழங்கால் பழைய மாதிரிதான். இன்னிக்கு எழுந்திருக்கவே மனசில்லை, ஆனா துவைக்க வேண்டியது மலையா கிடக்குது, அது ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். முதல்லயே சொல்லிடறேன், யாருக்கும் ஒண்ணும் ஆகலை, நீ பதறாம நிதானமா படி.

உன் தங்கச்சி ஹெஸ்டரும் அவ வீட்டுக்காரனும் வெள்ளிக்கிழமை லண்டன்ல இருந்து ரயில்ல வந்தாங்க. கல்யாணத்துக்கு உன்னால வர முடியலை, அதனால டெரன்ஸை நீ போட்டோவுலதான் பார்த்திருப்பே. நேர்ல இன்னும் ஒல்லி. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல வேலை, நாலு வார்த்தை பேசறதுக்கு முன்னாடி மூணு தரம் தொண்டையைச் செருமுவான், கார் ஓட்டத் தெரியாது, மாட்டைக் கண்டா பயம், இன்னும் உன் அப்பாவை மிஸ்டர் ப்ராசர்னுதான் கூப்பிடறான். உன் அப்பாவைப் பத்தித்தான் உனக்குத் தெரியுமே, ஒருத்தனை மட்டமா நினைச்சுட்டார்னா அவனுக்கு உப்பை எடுத்துக் கொடுக்கறதுல கூட அது தெரியும். அவங்களைக் கூட்டிவர அப்பாதான் காரை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். வந்து இறங்கினப்போ ஹெஸ்டர் முகத்துல ஈயாடலை. பெட்டியைக் கூட வைக்காம என் பின்னாடியே சமையலறைக்கு வந்து கதவைச் சாத்திட்டு, அம்மா, ரவுண்டானாவுல பால் வண்டி வந்ததை அப்பா பார்க்கவே இல்லை, அந்த வண்டிக்காரன் பிரேக் போட்டதால பிழைச்சோம்மான்னு சொன்னா. அப்பா என்ன சொன்னார்னு கேட்டேன். இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஓட்டவே தெரியலைன்னு சொன்னாராம். நான் உருளைக்கிழங்கைச் சீவிக்கிட்டே, அவருக்கு அசதிடி, ராத்திரி சரியாத் தூங்கறதில்லைன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? வசந்தம் ஆரம்பிச்சப்போ கண் டாக்டர்கிட்ட தனியாப் போயிட்டு வந்தார், டாக்டர் எல்லாம் சரியா இருக்கு, கேரட் நிறையச் சாப்பிடுங்கன்னு சொன்னார்னார். அன்னிலேருந்து நானும் துருவறேன், வேக வைக்கறேன், சூப் வைக்கறேன், கேக்குல கூடப் போட்டாச்சு, என் விரல் நகமெல்லாம் ஆரஞ்சு நிறம்.

நேத்து சர்ச் முடிஞ்சு வந்ததும் மழை விட்டு வெயில் அடிச்சுது. அப்பாவுக்கு உற்சாகம் தாங்கலை. வாங்க எல்லாரும், மார்ஃபோர்டுல காரை நிறுத்திட்டு ஆத்தோரமா ஒரு நடை, அப்புறம் வெள்ளைக் காளை பப்ல சாப்பாடு, மாப்பிள்ளை நுரையீரல்ல கொஞ்சம் நல்ல காத்து போகட்டும்னார். எனக்குக் கட்டில்ல கால் நீட்டிக் கிடந்தா போதும்னு இருந்தது. ஆனா நான் வரலைன்னா நடையே வேண்டாம்னு முகத்தைத் தூக்கி வச்சுக்குவார், அந்த முகத்தைச் சாயங்காலம் வரைக்கும் பார்க்கறதுக்கு நடக்கறதே மேல்னு கிளம்பிட்டேன். மார்ஃபோர்டு வரைக்கும் நடு ரோட்டுல, வாத்துக் கூட்டம் போற வேகத்துல ஓட்டினார். நான் முன் சீட்டுல உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிச்சு மிதிச்சு, நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே என் கால் ஓய்ஞ்சு போச்சு.

மார்ஃபோர்டு சர்ச் சுவர் ஓரமா வண்டியை விட்டுட்டு, வேலியைத் தாண்டறதுக்குப் போட்ட மரப்படியில ஏறி அந்தப் பக்கம் இறங்கினோம். ஆரோ ஆறு கரை தொட்டு ஓடுது, டீத்தண்ணி நிறம், மழையில அடிச்சிட்டு வந்த கிளையும் குப்பையுமா. புல்வெளியில இளங்காளைங்க ஒரு கூட்டம், வெள்ளை மூஞ்சியை வச்சுக்கிட்டு எங்க பின்னாடியே வந்துச்சுங்க. டெரன்ஸ் வேலியோட வேலியா ஒட்டிக்கிட்டே நடந்தான். அப்பா திரும்பிப் பார்த்து, தம்பி, அது புல்லுதான் தின்னும், உன்னைத் தின்னாது, உன்கிட்ட தின்ன என்ன இருக்குன்னு கேட்டார். ஹெஸ்டர், அப்பா சும்மா இருங்களேன்னா. டெரன்ஸ் தொண்டையைச் செருமிட்டு, இல்லை மிஸ்டர் ப்ராசர், அதுங்களுக்கு அது தெரியணுமேன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அப்பாவுக்கு வரலை. கைத்தடியைச் சுழட்டிக்கிட்டு, இந்தப் பாதையில நான் அரை டவுசர் போட்ட காலத்துலேருந்து நடக்கறேன், கண்ணைக் கட்டி விட்டாலும் பப் வாசலுக்குப் போய் நிப்பேன்னு சொல்லிட்டு விடுவிடுன்னு முன்னாடி போனார். நானும் ஹெஸ்டரும் பின்தங்கிட்டோம். வீட்டை வித்துட்டு எங்க பக்கம் வந்துடுங்கம்மா, ஒரு சின்ன ஃப்ளாட் பார்க்கலாம்னு அவ ஆரம்பிச்சா. நான் அப்பா எவ்வளவு தூரம் போயிட்டார்னு பார்த்துக்கிட்டே நடந்தேன்.

மரக்கூட்டம் தாண்டினதும் ஆறு வளையுற இடம் இருக்கே, நீ சின்ன வயசுல செருப்பைத் தொலைச்ச இடம், அங்கே இந்தக் குளிர்கால வெள்ளத்துல கரை பாதி போயிடுச்சு. பண்ணைக்காரர் குறுக்கே ஆரஞ்சுக் கலர்ல நாடா கட்டி, ஆபத்து, வயல் வழியா போங்கன்னு பெரிய பலகை நட்டிருந்தார். நாடா ஒரு பக்கம் அவுந்து தரையில கிடந்தது, ஆனா பலகை நேரா நின்னுது, நான் அவ்வளவு பின்னாடி வந்தும் எனக்கே எழுத்து தெரிஞ்சுது. அப்பா அந்தப் பலகையைத் தோள்ல உரசிக்கிட்டே தாண்டிப் போறார். டெரன்ஸ், மிஸ்டர் ப்ராசர், பாதை இந்தப் பக்கம்னு கூப்பிட்டான். அவர் திரும்பாமலே தடியைத் தூக்கி ஆட்டினார், லண்டன்காரன் எனக்கு வழி சொல்றான்னு சொன்னது என் காதுலயும் விழுந்தது. அடுத்தாப்புல டெரன்ஸ் ஓடினான். காளைங்களுக்கு நடுவுலயே ஓடினான் டங்கன், அதுங்களே மிரண்டு விலகிடுச்சுங்க, லயனல், நில்லுங்க லயனல்னு கத்திக்கிட்டே ஓடினான். அவன் வாயில அப்பாவோட பேர் வந்தது அதுதான் முதல் தடவை. ஆனா அதுக்குள்ள கரை இடிஞ்சுடுச்சு. உன் அப்பா விழுந்தார்னு கூடச் சொல்ல முடியாது, நாற்காலியில உக்கார்ற மாதிரி, மண்ணோட மண்ணா அப்படியே இறங்கிட்டார். நாங்க போய்ச் சேர்றப்போ இடுப்பு வரைக்கும் தண்ணியில, ஒரு மர வேரைப் பிடிச்சுக்கிட்டு, கோட்டு ரெண்டு பக்கமும் உப்பிக்கிட்டு நிக்கறார், தண்ணி ஆளை இழுக்குது. டெரன்ஸ் தன்னோட நல்ல கால்சட்டையோட சேத்துல குப்புறப் படுத்து, அவர் சட்டைக் காலரை ஒரு கையிலயும் பெல்ட்டை ஒரு கையிலயும் பிடிச்சுக்கிட்டான். ஹெஸ்டர் அவன் கால் மேல உக்காந்துக்கிட்டா. நான் என்ன செஞ்சேன்னு கேக்காதே. தரையில கிடந்த அப்பாவோட தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டி, மார்போட அணைச்சுக்கிட்டு நின்னேன். வாயில ஜெபம் கூட வரலை. வேரை விடாதீங்க லயனல், நான் சொல்றப்போ காலை உதைங்க, இப்பன்னு அந்தப் பையன் நிதானமாச் சொன்னான், தொண்டையைச் செருமவே இல்லை. அப்படி மூணு நாலு தரம். கடைசியில உன் அப்பா கரை மேல வந்து விழுந்தப்போ கன்னுக்குட்டி பிறந்த மாதிரி இருந்தது, ஈரமும் சேறுமா, மூச்சு வாங்கிக்கிட்டு.  அப்புறம் அவர் கேட்ட முதல் வார்த்தை, என் தடி எங்கே? தடி ஆத்தோட போயிடுச்சு.

பப் அங்கேயிருந்து கிட்டத்தான், நல்லவேளை. ரெண்டு பக்கமும் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டுப் போனோம். வெள்ளைக் காளையை இப்ப மேவிஸ்தான் நடத்தறா, நல்ல உயரம், நல்ல குரல், உள்ளே நுழையறப்பவே, ஐயோ லயனல், குளிக்கறதுன்னா வீட்டுலயே குளிக்கலாமே, எனிட் வெந்நீர் போட மாட்டேன்னுட்டாளான்னு என்னைப் பார்த்துக்கிட்டே சத்தம் போட்டா. பார்ல உக்காந்திருந்த கிழவர் ஒருத்தர், மீன் எத்தனை பிடிச்சேன்னு கேட்டார், எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், பல்லு கிட்டிக்கிட்டு வரலை. அதைப் பார்த்ததும் மேவிஸ் விளையாட்டை விட்டுட்டா. கணப்புல ரெண்டு கட்டை கூடப் போட்டு, பின்கட்டுக்குக் கூட்டிப்போய்த் துடைச்சு, தன் வீட்டுக்காரனோட கால்சட்டையைக் கொடுத்தா. அவன் உன் அப்பாவைப் போல ரெண்டு மடங்கு. வைக்கோல் கட்டற கயித்தால இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டு, ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டு அவர் நடந்து வந்தப்போ நான் சிரிக்கவா அழவான்னு தெரியாம உக்காந்திருந்தேன். ஈரத்துணியெல்லாம் கணப்பு முன்னாடி காய்ஞ்சுது, பப் முழுக்க ஆத்து வாடை.

வாட்டின மாட்டிறைச்சியும் சுடச்சுட யார்க்‌ஷயர் புட்டிங்கும் வந்தது. ஹெஸ்டர் சைடர் ஒரு கிளாஸ் மடமடன்னு குடிச்சா, இன்னொண்ணு வாங்கி அதையும் குடிச்சா. அப்புறம் கேட்டா, அப்பா, அந்தப் பலகையை ஏன் மதிக்கலை? அப்பா தட்டுல பட்டாணியை ஃபோர்க்கால தேடிக்கிட்டே, எந்தப் பலகைன்னு கேட்டார். பிடிவாதமாக் கேட்டிருந்தா சண்டை வந்திருக்கும், அவர் கேட்ட விதத்துல பிடிவாதமே இல்லை. உங்க தோள்ல இடிச்சதே அந்தப் பலகைப்பான்னா. அது ஏதோ கம்பம்னு நினைச்சேன்னார். ஃபோர்க்கைக் கீழே வச்சார். டங்கன், இதை உனக்கு எழுதறதுக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா நீ மகன், தெரிஞ்சுக்கணும். அவர் மேஜையைப் பார்த்துக்கிட்டே சொன்னார், பார்வை நடுவுல அழிஞ்சு போச்சு, ஓரம்தான் தெரியுது, கண்ணாடியில யாரோ கட்டைவிரலை அழுத்தித் தேய்ச்ச மாதிரி, எங்கே பார்த்தாலும் அந்த அழுக்கு முன்னாடி வந்து நிக்குது. என் பக்கம் திரும்பி, உன்னை நேராப் பார்த்தா எனக்கு முகம் இல்லை எனிட், கம்மல்தான் தெரியுதுன்னார். டாக்டர் என்னதான் சொன்னார்னு கேட்டேன், என் குரல் எனக்கே யாரோ பேசற மாதிரி இருந்தது. இனிமே சரியாகாது, இருக்கறது இருக்கற வரைக்கும்தான்னு சொன்னாராம், காரை அன்னிக்கே நிறுத்தச் சொன்னாராம். அப்ப அந்தக் கேரட்னு கேட்டேன். கேரட்டைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலை, வீட்டுக்கு வந்ததும் நீ என்ன சொன்னார்னு கேட்டே, உன் கையில கேரட் இருந்தது, வாயில வந்துடுச்சுன்னார்.

எனக்கு வந்த கோபம் இருக்கே, அப்படி ஒரு கோபம் எனக்குக் கல்யாணம் ஆனதிலேருந்து வந்ததில்லை. எழுந்து பின்னாடி முற்றத்துக்குப் போய் காலிப் பீப்பாய் பக்கத்துல நின்னேன். பொய் சொன்னதுக்குக் கூட இல்லை. பால் வண்டி, அதுல இருந்த பையன், என் மகள், தினமும் அந்தக் காருக்குள்ள நான், யாரை வேணும்னாலும் கொன்னிருக்கலாமே இந்த மனுஷன்னு. அப்புறம் கோபமும் ஓய்ஞ்சு போச்சு, வெறும் அசதிதான் மிச்சம். இத்தனை நாளா தனியா அதை மனசுல சுமந்துக்கிட்டு, காலையில என்னைப் பார்த்து முகம் இல்லாத என்கிட்ட குட்மார்னிங் சொல்லிக்கிட்டு இருந்திருக்காரே. டெரன்ஸ் பின்னாடியே வந்து பக்கத்துல நின்னான்.  தன் கோட்டை எடுத்து என் தோள்ல போட்டான், அதுவும் ஈரம்தான், ஆனா போட்டான். உள்ளே போகலாமா, புட்டிங் ஆறிடும்னான்.

உள்ளே வந்தா அடுத்த சங்கடம் காத்திருக்கு. வீட்டுக்கு யார் ஓட்டறது? ஹெஸ்டர் ரெண்டு கிளாஸ் மது உள்ளே போனவ, டெரன்ஸுக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை. அந்த நேரம் பார்த்து மேவிஸ் சாவிக்கொத்தைக் கொண்டு வந்தா, ஈரக் கால்சட்டை பாக்கெட்ல இருந்து விழுந்ததாம், இது யாருதுன்னு கேட்டா.  மேவிஸ் கையை நீட்டினபடியே நிக்கறா. அப்பா கணப்பு பக்கம் திரும்பிக்கிட்டு, எனிட்கிட்ட கொடுத்துடுன்னார்.

நான் கடைசியா ஓட்டினது நீ பள்ளிக்கூடம் போன காலத்துல. நம்ம கேட் தூணை இடிச்சேன், அதை அப்பா ஊர் பூரா சொல்லிச் சிரிச்சார், போய்யா நீயே ஓட்டிக்கோன்னு விட்டுட்டேன். லைசென்ஸ் மட்டும் உயிரோட இருக்கு, இன்ஷூரன்ஸ்லயும் என் பேரை வருஷா வருஷம் அவரே சேர்த்து வைப்பார், எதுக்குன்னு கேட்டா பேருக்கு இருக்கட்டுமேம்பார். கார் நின்ன சர்ச் வரைக்கும் தார் ரோட்டு வழியாவே நடந்து வந்தோம், அந்தப் பெரிய கால்சட்டையை அவர் ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால டெரன்ஸைப் பிடிச்சுக்கிட்டு. நான் சீட்டை முன்னாடி இழுத்தேன். சாவியைத் திருகினேன், வண்டி ஒரு குதி குதிச்சு நின்னுது. மறுபடியும் நின்னுது. பின்னாடி ஒரு டிராக்டர்க்காரன் ஹாரன் அடிச்சான். பின் சீட்டுல ஹெஸ்டர் கதவுப் பிடியைப் பிடிச்ச சத்தம் கேட்டுது. டெரன்ஸ், நல்லாத்தான் ஓட்டறீங்க அத்தைன்னான், வண்டி இன்னும் கிளம்பவே இல்லை. உன் அப்பா கிளட்ச்சை விடுன்னு கூடச் சொல்லலை, அதுதான் எனக்குப் பயமா இருந்தது. ஒருவழியா கிளம்பினோம். தோள், கழுத்து, பல்லு எல்லாம் இறுகிப்போய், ரெண்டு பக்கமும் வேலி என்னை நோக்கி வர்ற மாதிரி ஓட்டினேன்.

மேடு ஏறி இறங்குற இடத்துல அவர் மெதுவாக் கேட்டார், எனிட், வேலியில என்ன பூத்திருக்கு? முதல்ல எனக்குப் புரியலை, ரோட்டைப் பார்க்கவே கண் போதலை எனக்கு. அப்புறம் சொன்னேன். முள்வேலி முழுக்க வெள்ளையாப் பூத்திருக்கு, இலையே தெரியலை, மழையில பாதி உதிர்ந்து ரோட்டோரம் கிடக்கு. ம்ம், அப்புறம்னார். க்வில்லிம் வயல் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சிருக்காங்க, கோரமான பச்சை. அப்புறம்னார். பெண்குதிரை ஒண்ணு குட்டியோட நிக்குது, குட்டிக்கு நெத்தியில வெள்ளை. எந்தப் பக்கம் நிக்குதுன்னார். உங்க பக்கம்னேன். அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். இப்படியே வீடு வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தேன். தொண்டை வறண்டு போச்சு, நிறுத்தினா மறுபடியும் அப்புறம்னு கேட்டார். நம்ம கேட் தூணைத் தாண்டி உள்ளே நிறுத்தினப்போ என் கை ஸ்டீயரிங்கை விட்டு வரவே இல்லை, அவர்தான் தடவிப் பார்த்து ஒவ்வொரு விரலா பிரிச்சு விட்டார்.

இன்னிக்குக் காலையில ஹெஸ்டரையும் டெரன்ஸையும் க்வில்லிம் மகன் வேன்ல ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனான். கிளம்பறப்போ அப்பா டெரன்ஸ் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை, அவன் கால்சட்டையைச் சலவைக்குப் போடறதுக்குத் தானே பணம் கொடுப்பேன்னு சண்டை பிடிச்சார், அதுதான் அவருக்குத் தெரிஞ்ச நன்றி. அவன் வேண்டாம் லயனல்னான். வீட்டை விக்கறதைப் பத்தி யோசிம்மான்னு ஹெஸ்டர் வேன்ல ஏறினப்புறமும் சொன்னா. அவ சொல்றது தப்பில்லை. கடை தூரம், டாக்டர் தூரம், பஸ் வாரத்துக்கு ரெண்டு தரம். ஆனா இன்னிக்கு எனக்கு எதையும் முடிவு பண்ணச் சக்தி இல்லைடா. ஒரு வாரம் நான் காரை எடுத்துக் கடைக்குப் போய் வந்து பார்க்கறேன், அது முடிஞ்சா அடுத்த வாரம். அப்பா இப்ப தோட்டத்துல களை எடுக்கறேன்னு களையோட அவரைச் செடியையும் பிடுங்கிக்கிட்டு இருக்கார். விட்டுட்டேன். அவர் உள்ளே வந்ததும் போய்த் திரும்ப நட்டுடுவேன்.

நீ வேலையைப் போட்டுட்டு ஓடி வராதே, ஓடி வந்து ஆகப்போறது ஒண்ணும் இல்லை. ஆனா கிறிஸ்துமஸுக்கு வர்றேன்னு சொன்னியே, அதை மட்டும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிடாதே. ஓரம் மிச்சம் இருக்கும்போதே வந்து அவர் பக்கத்துல உக்காரு, எதிர்ல உக்காராதே. ஞாயித்துக்கிழமை போன் பண்றப்போ கண்ணைப் பத்தி நீயா எடுக்காதே, அவரே எடுத்தா கேட்டுக்கோ, பரிதாபம் காட்டாதே. நல்லாச் சாப்பிடு, உன் தலையை ஆண்டவர் கை வச்சுக் காக்கட்டும், உன் மனசுக்குப் பிடிச்ச ஒருத்தி சீக்கிரம் வாய்க்கட்டும், எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் எப்பவும் உன் கூட இருக்கு. ஒண்ணு மட்டும் மறக்காதே. இனிமே எழுதும்போது மெல்லிசான நீல மை வேண்டாம், தடிச்ச கறுப்பு மையில பெரிசு பெரிசா எழுது, ஒரு பக்கத்துக்கு நாலு வரி வந்தாலும் பரவாயில்லை, தபால் செலவைப் பார்க்காதே. உன் கடிதத்தை எப்பவும் நானே படிச்சுக் காட்டறேன், அப்பா கண்ணாடியை எங்கேயோ வச்சுட்டேம்பார். ஒரு வரியாவது அவரே படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை எப்பவும் நினைச்சுக்கிட்டு இருக்கற அம்மா,
எனிட் ப்ராசர்

இதுக்குக் கீழே கோணலா, காகிதத்தை விட்டு வெளியே ஓடற மாதிரி இருக்கறது அப்பாவோட கையெழுத்து. இடத்தைக் காட்டறேன்னேன், வேண்டாம் நானே போடறேன்னுட்டார்.